மைக்கில் மோசம்போன அப்பா

மன்னார்த் தீவிலோ அக்கரையிலோ ஒரு கோயில் திருவிழா இசைநிகழ்ச்சிக்காவது போனவர்களுக்கு என் குரலைத் தெரிந்திருக்கும். பாடுவேன், அறிவிப்புச் செய்வேன், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் பகிடி விடுவேன். பெயர் கோகுலன். வயது முப்பத்தைந்து. ரொபின்சனின் இசைக்குழுவில் பதினொரு வருடமாக இருக்கிறேன். நல்ல குரல் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த நல்ல குரலை வைத்துக்கொண்டு நான் செய்த கேவலத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எனக்காக யாரும் இரக்கப்பட வேண்டாம். வாசித்துவிட்டு நாலு வார்த்தை திட்டினால் போதும்.

"தம்பி, சொந்த ஊர் எது?" என்று கேட்டால் நான் "அடம்பன்" என்பேன். பச்சைப் பொய். அடம்பனுக்கு நான் போனது பள்ளிக்கூடத்துக்கு மட்டும்தான். என் ஊர் கட்டுக்கரைக் குளத்து வாய்க்கால் ஓரமாக, மலைநாட்டிலிருந்து அடிபட்டு வந்தவர்களைக் குடியேற்றிய ஒரு சின்ன இடம். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளை விட்டு ஓடிவந்தவர்களில் என் அப்பா சரவணமுத்துவும் ஒருவர். அப்போது அவருக்குப் பதினேழு வயது. அன்றைக்கு மண்வெட்டியைக் கையில் எடுத்தவர்தான். அடுத்தவன் வயலில் வரம்பு கட்டுவது, வாய்க்கால் வெட்டுவது, நெல் முற்றினால் அருவி வெட்டுவது என்று இன்றைக்கு வரைக்கும் கீழே வைக்கவில்லை.

ஆறாம் வகுப்புக்கு அடம்பனுக்குப் போன முதல் நாள், ரீச்சர் என்னிடம் ஏதோ கேட்டார். "ஆமா ரீச்சர்" என்றேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது; அந்தப் பக்கத்தில் "ஆமா" இல்லை, "ஓம்"தான். இடைவேளை மணி அடிக்குமுன் "ஆமா" எனக்குப் பட்டப்பெயர் ஆகிவிட்டது. அடுத்த கிழமை அது "தோட்டக்காட்டான்" என்று வளர்ந்தது. அன்றிலிருந்து வாய்க்கால் கட்டு வழியே வீட்டுக்கு நடக்கும்போது "ஓம், ஓம், ஓம்" என்று சொல்லிப் பழகினேன். "சாப்டியாடா?" என்று அப்பா கேட்டதற்கு "ஓம்" என்றேன். "என்னடா, கோயில்ல மந்திரம் சொல்ற மாதிரி சொல்ற?" என்றார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு விளங்கிவிட்டது.

சண்டைக் காலத்தில் எல்லோரோடும் ஓடினோம், எல்லோரோடும் முகாமில் கிடந்தோம். தண்ணீருக்கு வரிசையில் நிற்கும்போது எவரும் எவரையும் ஊர் கேட்கவில்லை. திரும்பி வந்து கூரைக்குத் தகரம் போட்டதும் மறுபடி கேட்கத் தொடங்கினார்கள். "எவ்விடம்? ஆற்றை மகன்?" எந்த ஊர், யாருடைய மகன் என்கிற இந்த இரண்டு கேள்வியும் இல்லாமல் எங்கள் ஆட்களுக்குத் தேத்தண்ணீர் உள்ளே இறங்காது. பதிலை வைத்துத்தான் கதிரை போடுவதா, வாசலோடு அனுப்புவதா என்று முடிவெடுப்பார்கள். எனக்குக் கதிரை வேண்டியிருந்தது. அதனால் அடம்பன் ஆனேன்.

அப்பாவிடம் இதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனாலும் அவர் எனக்குத் தொலைபேசி எடுத்தால் முதலில் கேட்பது, "பக்கத்துல யாரும் இருக்காங்களாப்பா?" என்றுதான். இருக்கிறார்கள் என்றால் உடனே வைத்துவிடுவார். பெற்ற மகனோடு கள்ளக்கடத்தல்காரன் போலக் கதைக்க வேண்டிய நிலை அந்த மனிதனுக்கு. நான் என்ன செய்தேன்? சொல்லாமலே அவருக்கு விளங்குகிறது என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். சீ!

ரொபின்சனைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பேசாலைக்காரன், கீபோர்ட் வாசிப்பான், குழுவின் முதலாளி. கெட்டவன் இல்லை. எனக்கு டெங்குக் காய்ச்சல் வந்தபோது இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் என் கட்டிலடியில் பாய் போட்டுக் கிடந்தவன். ஆனால் ஸ்பீக்கர் பெட்டி தூக்க வந்த ஆட்கள் கொஞ்சம் தாமதித்தால், "தோட்டக்காட்டாங்களைக் கூப்பிட்டா இதுதான் கதி" என்பான். நான் சிரிப்பேன். சும்மா இல்லை, மற்றவர்களைவிட ஒரு பிடி கூடுதலாகச் சிரிப்பேன்.

போன ஆவணி மாதம் ஸஜானா வந்தார். முசலிக் கரையில் பெண்கள் அமைப்பு நடத்துகிறவர், கண்டிப்பான ஆள். கனிமத்துக்காக எங்கள் கடற்கரை மண்ணைத் தோண்டப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் கதை அடிபட்டுக்கொண்டிருந்த நேரம் அது. தென்னமெரிக்காவில் ஒரு காட்டாற்றங்கரையில், தன் ஆட்களின் மண்ணை ஒரு சுரங்கக் கொம்பனியிடமிருந்து காப்பாற்ற நின்ற ஆதிக்குடிப் பெண்ணைப் பற்றி ஒரு படம் கிடைத்திருக்கிறது என்றார். மன்னாரில் ஒரு மண்டபத்தில் சனிக்கிழமை பின்னேரம் போடப் போகிறாராம். முடிந்ததும் எங்களுடைய இசைநிகழ்ச்சி.

"படத்திலை தமிழ் இல்லை. எழுத்தும் இங்கிலீசிலைதான் ஓடும். எங்கட சனத்துக்கு விளங்காது. மொழிபெயர்த்து எழுதி வச்சிருக்கிறம். நீங்கள் இருட்டுக்குள்ளை மைக்கிலை வாசிக்கோணும் கோகுலன்."

"பொம்பிளையின்ரை கதைக்கு ஆம்பிளைக் குரலோ?"

"குரலைப் பற்றி எனக்குக் கவலையில்லை. விளங்க வாசிக்கிற ஆள் வேணும்."

ஒரு கிழமை வாசித்துப் பழகினேன். அந்தப் பெண்ணின் பெயர் ஒயாரி. எங்கே பேச எழும்பினாலும், நீதிமன்றமோ சந்தையோ, ஒரே மாதிரித்தான் தொடங்குவாள். "நான் ஒயாரி. என் அம்மா தெம்மி. என் அப்பா கோவா. நான் குடித்தது சிவப்பாற்றுத் தண்ணீர்." படத்தில் மூன்று இடத்தில் வருகிறது. அவர்கள் வழக்கமாம். நீ யார், உன்னைப் பெற்றவர்கள் யார், நீ குடித்த தண்ணீர் எது என்று சொல்லாமல் வாய் திறக்கக் கூடாதாம். எங்கள் ஊர்க்காரர் கேட்கிற அதே கேள்விகள்தான். அவள் அதை யாரும் கேட்காமலே சொல்கிறாள். எனக்கு அந்த இடம் வந்தால் மட்டும் நாக்கு இடறும். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி வாசிப்பேன்.

சனிக்கிழமை மண்டபம் நிரம்பிவிட்டது. அடம்பன், பாப்பாமோட்டைப் பக்கமிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். முதல் வரிசையில், வெளியூரில் படிப்பித்து ஓய்வுபெற்ற ஒரு அடம்பன் வாத்தியார். என்னைக் காணும்போதெல்லாம் "அடம்பனிலை நீர் ஆற்றை மகன் எண்டு இன்னும் பிடிபடேல்லை" என்று சொல்லிச் சொல்லியே என் உயிரை எடுப்பவர். விளக்கு அணைந்தது. நான் மேடை ஓரத்தில் சின்ன லைற்றை வைத்துக்கொண்டு வாசித்தேன். பொய் சொல்லக் கூடாது, நன்றாகத்தான் வாசித்தேன். ஒயாரியின் ஆட்களைக் கொம்பனிக்காரர்கள் காட்டுச் சனம் என்று ஏசும் இடத்தில் மண்டபத்தில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது.

படம் முடிந்தது. பாட்டுத் தொடங்குமுன் அரைமணி நேரம் சனம் பேசட்டும் என்பது ஸஜானாவின் ஏற்பாடு. அது எனக்கும் தெரியும். தெரியாதது அவர் அடுத்துச் சொன்னது.

"இண்டைக்கு மைக்கைப் பிடிக்கிற ஆக்கள் எல்லாரும் அந்த அம்மா மாதிரியே தொடங்குங்கோ. பேர், தாய் தகப்பன்ரை பேர், குடிச்ச தண்ணி. நான் ஸஜானா. உம்மா ஆசியா, வாப்பா மஹ்மூது. எங்கட வீட்டுக் கிணத்துத் தண்ணி, கொஞ்சம் சவர், உப்புக் கரிக்கும்." எல்லோரும் சிரித்தார்கள். "இப்ப எங்கட அறிவிப்பாளர்."

மைக் ஏற்கெனவே என் கையில்தான் இருந்தது. இருநூறு பேர் என்னைப் பார்த்தார்கள். வாத்தியார் கதிரையில் முன்னுக்குச் சாய்ந்தார்.

"நான் கோகுலன்" என்றேன். அப்பாவின் பெயரைச் சொன்னால் வாத்தியார் விடமாட்டார். எந்தச் சரவணமுத்து, அடம்பனில் எந்தப் பக்கம் என்று கிண்டுவார். செத்தவனைப் பற்றி யாரும் கிண்டமாட்டார்கள். இவ்வளவும் ஒரு மூச்சு எடுக்கும் நேரத்துக்குள் என் மண்டைக்குள் ஓடியது. "அம்மா இல்லை. அப்பாவும் நான் சின்னப் பிள்ளையாய் இருக்கேக்கையே மோசம் போயிட்டார். நான் குடிச்சது அடம்பன் கிணத்துத் தண்ணி."

எங்கள் பக்கத்தில் செத்துப்போனவரை மோசம் போயிட்டார் என்றுதான் சொல்வோம். அம்மா உண்மையாகவே போய்ச் சேர்ந்துவிட்டவர். அந்த உண்மையோடு சேர்த்து அப்பாவையும் புதைத்துவிட்டேன். மண்டபம் "இச்" கொட்டியது. வாத்தியார் கூடத் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நொடியில் பெரிய நிம்மதியாக இருந்தது.

மைக் வரிசை வரிசையாகப் போனது. சனத்துக்கு அது பிடித்துவிட்டது. பெயரைச் சொல்லும்போதே ஆட்கள் நிமிர்ந்தார்கள். ஒவ்வொருவரிடமும் இன்னொரு மைக்கில் ஒரு கேள்வி கேட்டுக் கலகலப்பாக வைத்திருப்பது என் வேலை. பின்வரிசைக்கு வந்ததும், "கட்டுக்கரைப் பக்கத்து அக்காமார் பஸ் பிடிச்சு வந்திருக்கினம்" என்றார் ஸஜானா.

மைக்கைப் பிடித்துக்கொண்டு எழும்பியது என் தங்கை.

"நான் நிறஞ்சலா. அம்மா பேரு ராக்கம்மா. அப்பா சரவணமுத்து. இந்தா, பக்கத்துல இருக்காரு." என்னையே பார்த்துக்கொண்டு சொன்னாள். அண்ணன் என்று ஒரு சொல் சொல்லவில்லை. "கட்டுக்கரைத் தண்ணி."

பக்கத்தில் அப்பா. வெள்ளைச் சேர்ட், நெற்றி நிறைய விபூதி. இருட்டோடு இருட்டாக இருந்து மகன் வாசிப்பதைக் கேட்டுவிட்டுப் போகலாம் என்று, அவர்தான் தங்கையை நச்சரித்து வந்தாராம். பிறகுதான் தெரிந்தது. மைக் வேண்டாம் என்று கையை ஆட்டினார். பெண்கள் விடவில்லை. "பேசுங்க மாமா" என்று எழுப்பிவிட்டார்கள். எழும்பி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மைக்கை வாங்கினார்.

மண்டபம் காத்திருந்தது. அவர் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். கீபோர்டுக்குப் பின்னாலிருந்து ரொபின்சன் மெதுவாக, "கேள்வியைக் கேளடா, சனம் அலுக்குது" என்றான். பதினொரு வருடப் பழக்கம். வாய் தானாகத் திறந்தது.

"சொல்லுங்கோ ஐயா. எங்கயிருந்து வாறீங்கள்?"

என்னைப் பெற்றவரிடம் கேட்டேன்.

"வணக்கமுங்க" என்றார். "என் பேரு சரவணமுத்துங்க. அப்பா கறுப்பையா, அம்மா மீனாச்சி. மலையில ஒரு தோட்டத்து லயத்துல பொறந்தேன். குடிச்ச தண்ணின்னா அங்கிட்டு மலையிலேர்ந்து விழுற பீலித் தண்ணி, இங்கிட்டு கட்டுக்கரைத் தண்ணிங்க."

ரொபின்சன் எழும்பி வந்து என் காதுக்குள் சிரித்தான். "எங்கயடா இந்தத் தோட்டக்காட்டானைப் பிடிச்சவை?" என் முகத்திலும் சிரிப்பு வந்து ஒட்டிக்கொண்டது. அந்த முகத்தைத்தான் அப்பா பார்த்துக்கொண்டு நின்றார்.

ஸஜானா அன்பாகத்தான் கேட்டார். "பிள்ளையள் எத்தினை பேர் ஐயா?"

அப்பா என்னைப் பார்த்தார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியும். தடுத்திருக்கலாம். ஒரு சொல் போதும், "அப்பா" என்று. மைக் என் வாயிலிருந்து நாலு விரல் தூரத்தில் இருந்தது.

"ஒரு மகதாங்க" என்றார். "ஆம்பளப் புள்ள இல்லீங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "சார் வாசிச்சது ரொம்ப நல்லா இருந்துச்சுங்க. அந்தம்மாவே நேர்ல பேசுன மாதிரி இருந்துச்சு" என்றார்.

"நன்றி ஐயா" என்றேன்.

அதற்குப் பிறகு பேசிய யாருடைய பெயரும் எனக்கு நினைவில்லை. விளக்குகள் மாறின, ரொபின்சன் வாசிக்கத் தொடங்கினான், நான் முதல் பாட்டைப் பாடினேன். கை தட்டினார்கள். இரண்டாவது பாட்டையும் பாடினேன். மூன்றாவதுக்கு ஆளைக் கூப்பிட மைக்கை எடுத்தேன். கீபோர்டை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினேன்.

"ஒரு நிமிசம். நான் அடம்பன் இல்லை. நான் கட்டுக்கரை. எனக்கு அப்பா இருக்கிறார். சற்று முன்னம் எழும்பிக் கதைச்ச சரவணமுத்து ஐயா, அவர்தான் என்ரை அப்பா. எனக்காகத்தான் தனக்கு மகன் இல்லையெண்டு பொய் சொன்னவர். நான் தோட்டக்காட்டான்தான். அவரின்ரை மகன்தான்."

அழுதுகொண்டே சொன்னேன். மண்டபம் எழும்பி நின்று கை தட்டியது. வாத்தியார் மேடைக்கே ஏறி வந்து கட்டிப்பிடித்தார். "நீ ஆம்பிளையடாப்பா!" என்றார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்வரிசையைத் தேடினேன். கதிரைகள் வெறுமையாக இருந்தன. தூரத்து ஆட்களின் பஸ் முதல் பாட்டோடேயே புறப்பட்டுவிட்டதாம்.

ரொபின்சன் என் தோளைப் பிடித்தான். அவன் முகமும் கறுத்துப்போயிருந்தது. "மச்சான், எனக்குத் தெரியாதடா. அம்மாவாணை, தெரியாது." பிறகு அவனுக்குள் இருந்த முதலாளி முழித்துக்கொண்டான். "ஆனா கலக்கிட்டாய். சனம் அழுதிட்டுது. அடுத்த புரோகிராமிலையும் நடுவிலை இதை ஒருக்காச் சொல்லுவமே?"

கோதாரி விழுவான்! அடிக்கத்தான் கை போனது. ஆனால் அவனை அடித்து என்ன? அவன் சொன்னதில் உண்மை இருந்தது. நான் செய்ததும் ஒரு நிகழ்ச்சிதான். ஸஜானா மட்டும் கை தட்டவில்லை. கிட்ட வந்து, "ஐயா பஸ்ஸிலை போயிட்டார். அப்ப நீங்கள் ஆருக்குச் சொன்னனீங்கள்?" என்றார்.

அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். நிறுத்தி வைத்திருந்தார். தங்கை எடுக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் போனேன். பஸ்ஸில் ஒரு பெடியன் முந்தின நாள் வீடியோவை எனக்கே காட்டி, "அண்ணை, செம" என்றான். வழி முழுக்க நான் யோசித்தது என்ன தெரியுமா? அப்பா காலில் விழுவேன், அவர் என்னைத் தூக்குவார், "பரவாயில்லடா" என்பார் என்று. அதற்குள்ளும் எனக்கு நானே கை தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வீட்டில் அப்பா இல்லை. தங்கை முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். வா என்று சொல்லவில்லை.

"அப்பா எங்க?"

"கோயிலுக்குப் போயிருக்காரு."

"கோவமா இருக்கிறாரோ?"

விளக்குமாற்றைக் கீழே போட்டாள். "கோவமா? கோவப்பட்டாத்தான் பரவாயில்லையே! ராத்திரி வந்ததுலேர்ந்து ஒரு வாய் சோறு தின்னல. உசுரோட இருக்க புள்ளைய இல்லேன்னு வாயால சொல்லிட்டேனே, அதுவும் மைக்குல சொல்லிட்டேனே, வாக்குப் பலிச்சிருமோன்னு பொலம்பிக்கிட்டே கெடந்தாரு. விடியக்காலையிலேயே குளத்துல முங்கிட்டு ஓடிட்டாரு. ஒன் பேருக்கு அர்ச்சனை பண்ணணுமாம். நீ மைக்குல சொன்னத வீடியோவுல காட்டுனேன். 'அது கெடக்கட்டும், புள்ளைக்கு ஒண்ணும் ஆகாமப் பாக்கணும்'ங்குறாரு."

கீழே கிடந்த விளக்குமாற்றை எடுத்துச் சுவரோடு சாத்தி வைத்தேன்.

வாய்க்கால் கட்டு வழியே அப்பா வந்தார். தோளில் ஈரத் துண்டு, கையில் வெற்றிலையில் மடித்த விபூதி. என்னைக் கண்டதும் வேகமாக நடந்தார். முகத்தில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. பயந்த மனிதர் ஒருவர் மூச்சு விட்டதுபோல் இருந்தது.

"எப்பப்பா வந்த? ரோட்டுல பாத்து வந்தியா? ஒடம்பு கிடம்பு ஒண்ணும் இல்லையே?"

"அப்பா, நேத்து நான்..."

"அத விடு. மொதல்ல நெத்தியக் காட்டு."

குனிந்தேன். மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரலால் நெற்றியில் விபூதியைப் பூசி, மிச்சத்தை உச்சியில் தேய்த்தார். "ஒண்ணும் ஆகாதுடா. வாய் தவறிச் சொல்லிட்டேன், கணக்குல எடுத்துக்காதன்னு சாமிகிட்ட சொல்லிட்டேன். ஒன் பேரு, நட்சத்திரம் எல்லாம் பூசாரி சரியாத்தான் சொன்னாரு."

உயிரோடு இருக்கிற மகனை இல்லை என்றதற்கு இவர் இரவெல்லாம் பட்டினி கிடந்திருக்கிறார். உயிரோடு இருக்கிற தகப்பனைச் செத்துப்போனார் என்று அதே மைக்கில் சொன்னவன் நான். அந்த வாக்கும் பலித்துவிடுமே என்று, அந்த இரவு முழுக்க, பஸ்ஸில் வந்த அந்த ஒரு மணி நேரம் முழுக்க, ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை.

"ஒங்க பேருக்கு அர்ச்சனை வச்சீங்களா அப்பா?"

அவர் வெற்றிலையை மடித்துச் சேர்ட் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு எதுக்குடா?" என்றார். தங்கையைப் பார்த்து, "அண்ணனுக்கு சாப்புட எதாச்சும் குடும்மா, பசியோட வந்திருப்பான்" என்றார்.